எறும்பு எழுத்து

பிப்ரவரி 11, செவ்வாய்

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் தரை, மத்தியானமும் தரை. யாரஸ்லாவ்லில் கண் ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கிழிந்த விழித்திரையை ஒட்டவைக்கக் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருக்கிறார்களாம். அந்தக் குமிழி சரியான இடத்தில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால் ஆள் முகம் கவிழ்ந்தே கிடக்க வேண்டும். சாப்பிடவும் கழிவறைக்கும் எழுந்திருக்கலாம், அதுவும் தலையைத் தூக்காமல். சோபா விளிம்பில் நெற்றிக்கு ஒரு தலையணையை முட்டுக்கொடுத்திருக்கிறேன். இனி மூன்று வாரத்துக்கு அவருடைய உலகம் ரீபின்ஸ்க் நகரம் இல்லை, எங்கள் வீட்டு லினோலியம் தரை விரிப்பு.

மற்றக் கண்ணில் நிறம், உருவம் எல்லாம் தெரிகிறது. ஆனால் படிக்கக் கூடாது. ஒரு கண் எழுத்தின் மேல் ஓடினால் மற்றதும் கூடவே ஓடுமாம். டிவி கூடாது. ஃபோன் கூடாது.

பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்? நான்தான். கல்லூரியை நவம்பரில் விட்டுவிட்டு வந்து சோபாவை நிரப்பிக்கொண்டிருந்தவள். இப்போது சோபாவும் அவருக்குப் போய்விட்டது. எனக்குச் சமையலறையில் மடக்குக் கட்டில்.

மத்தியானம் சொன்னார்: "உல்யா, அந்த நாலு பாகத்தை எடு."

"எந்த நாலு பாகம்?"

"அலமாரில மேல் தட்டு. காவி அட்டை. உங்கம்மா போகும்போது எல்லாத்தையும் எடுத்துட்டுப் போனா, அதை மட்டும் விட்டுட்டுப் போனா. கனமா இருந்துச்சு."

பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் படிக்க வைக்கிற, யாரும் படிக்காத நாவல். நானும் சுருக்கத்தைத்தான் படித்தேன். அந்தச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு கல்லூரியில் வாய்மொழித் தேர்வுக்கும் போய் நின்றேன். அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

"அப்பா, ஒலிப்புத்தகம் போட்டு விடுறேன். நடிகருங்க படிச்சிருக்காங்க."

"நடிகன்கிட்ட 'ஏய், நிறுத்து, அது யாரு'ன்னு கேக்க முடியுமா? நீ படி. இருபது கிலோ பழைய பேப்பர் சுமந்து குடுத்து வாங்கின புத்தகம்டி அது. அந்தக் காலத்துல பழைய பேப்பர் போட்டாத்தான் சீட்டு, சீட்டு இருந்தாத்தான் புத்தகம். பக்கத்துக் கட்டடம் முழுக்க ஏறி இறங்கினேன். வாங்கினவன் திறந்தே பாக்கல."

சரி, படிக்கிறேன். என்ன கெட்டுவிடும்.


பிப்ரவரி 12

முதல் பக்கமே ஒரு விருந்து. பெரிய மனிதர்கள் வாயைத் திறந்தால் பிரெஞ்சு. பாதிப் பக்கம் பிரெஞ்சு, பக்கத்துக்கு அடியில் நட்சத்திரம் போட்டு எறும்பு மாதிரி எழுத்தில் அர்த்தம். தாளோ பழுப்பு. கண்ணை மேலே ஏற்றி, கீழே இறக்கி, மறுபடி மேலே தேடி. மூன்று பக்கத்திலேயே தலை வலித்தது.

முடிவெடுத்துவிட்டேன். பிரெஞ்சு வந்தால் தாவல். ஆள் என்னவோ சொன்னார், அவ்வளவுதான். கதை எங்கே போய்விடப்போகிறது? அப்பாவுக்கு என்ன தெரியவா போகிறது? அவர் பார்ப்பது என் கால்களைத்தான்.


பிப்ரவரி 14

வேகம் பிடித்துவிட்டது. முதல் பாகம் பாதி முடிந்தது. புல் அறுக்கிற அத்தியாயம் என்னைக் கொன்றுவிட்டது. அப்பாவோ "அந்தப் புல்லு எடத்தை இன்னொரு தடவ படி" என்கிறார். எனக்குக் காதல் வேண்டும், அவருக்குப் புல்.

நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார். "அந்த வண்டிக்காரன் எங்க போனான்? ராத்திரி முழுக்கப் பனியில நிக்க வச்சாங்களே, அவனுக்குச் சாப்பாடு குடுத்தாங்களா?" வண்டிக்காரனைப் பற்றிப் புத்தகத்தில் அதற்கப்புறம் ஒரு வரி கிடையாது. "குடுத்தாங்கப்பா, முட்டைக்கோசு சூப்" என்று சொன்னேன். திருப்தி.

நன்றாகப் பொய் சொல்கிறேன். அதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது.


பிப்ரவரி 15, சனி

ரிம்மா சவேல்யெவ்னா வந்தார். அப்பா ஓட்டும் டிராலிபஸ்ஸில் கண்டக்டர். அவர் முன்னால், இவர் பின்னால் என்று எத்தனையோ வருஷமாக ஒரே வண்டி. நான் யாரஸ்லாவ்லில் படித்துக்கொண்டிருந்தபோது சனிக்கிழமைதோறும் வந்து போயிருக்கிறார் போலிருக்கிறது. உப்பு ஜாடி எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்னால் அவருக்குத் தெரிகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இங்கேயாவது உண்மையை எழுதுகிறேனே.

வாசலில், வீட்டுக்குள் போட்டுக்கொள்கிற விருந்தாளிச் செருப்பை எடுத்துக் கொடுத்தேன். சாம்பல் நிறம், குதிகால் நசுங்கிப்போனது. மாட்டிக்கொண்டு உள்ளே போனதுமே அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சாம்பல் செருப்பு வந்திருக்கு. யாருங்க அது, டிக்கெட் எடுத்தாச்சா?"

"தலையைத் தூக்கின, மண்டையில போடுவேன்" என்றார் ரிம்மா.

முட்டைக்கோசு வைத்துச் சுட்ட ரொட்டி கொண்டுவந்திருந்தார். பிறகு சோபாவுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தார். நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது அப்பாவின் குரல், தலையணைக்குள்ளிருந்து வருகிற மாதிரி:

"ரிம்மா, இங்கயே வந்துடேன். நிரந்தரமா."

நான் குழாயை மூடினேன்.

பதில் இல்லை. கத்தி உருளைக்கிழங்கில் போகிற சத்தம் மட்டும். ஒன்று முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. கடைசியில் எழுந்து, "அடுத்த சனிக்கிழமை பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா நெற்றியைத் தலையணையில் இன்னும் அழுத்திக்கொண்டார். "படி" என்றார்.


பிப்ரவரி 17

நாவலில் எனக்கு ஒருத்தி கிடைத்துவிட்டாள். கிளஃபீரா. பணக்கார வியாபாரி வீட்டில் நோயாளி அப்பனுக்குப் பணிவிடை செய்துகொண்டு கிடக்கிறவள். அவளைச் சுற்றி வருகிறவன் கேப்டன் லுகோமின், ஒரு காலை இழுத்து நடக்கிறவன், காசில்லாதவன். அப்பாவுக்கு லுகோமின்மேல் உயிர். "நம்ம டெப்போ ஆளு மாதிரி" என்கிறார்.


பிப்ரவரி 19

இன்று இரண்டாம் பாகம். லுகோமின் கேட்டுவிட்டான்! வாசல் படியில், வெளியே குதிரைகளைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள், மறுநாள் அவன் படையோடு போக வேண்டும். என்னைக் கட்டிக்கொள்வீர்களா என்று ஒரே வாக்கியத்தில் கேட்கிறான். கிளஃபீரா கையுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். நிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள். அப்புறம் பிரெஞ்சு மூன்று வரி. தாவினேன். லுகோமின் தலைதாழ்த்தி வணங்கிவிட்டுப் படியிறங்கிப் போகிறான்.

அப்பாவின் முதுகு விறைத்தது.

"பதிலே சொல்லலையா?"

"சொல்லலை."

"சரியாப் பாரு."

"பாத்தேன்பா. அவ பாக்கிறா, இவன் போறான். அவ்வளவுதான்."

நான் பார்க்கவில்லை. எறும்பெழுத்து விரலுக்கு அடியிலேயே இருந்தது. டீ ஆறிக்கொண்டிருந்தது, அந்த அத்தியாயத்தை முடித்துவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட் பிடிக்கலாம் என்று இருந்தேன்.

பிறகு அப்பா சொன்னார்: "நல்ல மனுஷன். ஒரு தடவ கேட்டான். வாயத் திறக்கல. புரிஞ்சுக்கிட்டான், போயிட்டான். அவ பின்னாடி தொங்கல பாரு."


பிப்ரவரி 21

"ரிம்மாவுக்கு ஃபோன் பண்ணு" என்றார் அப்பா. "வாராவாரம் அவ்வளவு தூரம் வந்து சிரமப்பட வேணாம்னு சொல்லு. நீதான் இருக்கியே."

மாடிப்படியில் நின்று பேசினேன். என்ன சொன்னேன்? "அப்பா இனிமே நீங்க வர வேணாம்னு சொல்லிட்டார்."

அந்தப் பக்கம் டிராலிபஸ்ஸின் கதவு திறக்கிற சத்தம். "சரி" என்றார் ரிம்மா. அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

'சிரமப்பட வேணாம்' வேறு, 'வர வேணாம்' வேறு என்று எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் மொழிதானே படித்தேன்.


பிப்ரவரி 22, சனி

யாரும் வரவில்லை. உருளைக்கிழங்கை நானே உரித்தேன். தோலோடு பாதிக் கிழங்கும் போய்விட்டது.


மார்ச் 1, சனி

பான்கேக் வாரம், பெரிய நோன்புக்கு முந்தின பண்டிகை. மாவு கரைத்து ஊற்றினேன். முதலாவது கிழிந்தது, இரண்டாவதும் கிழிந்தது. சுருட்டி அப்பாவின் கையில் கொடுத்தேன்.

"நல்லாருக்கு. ரிம்மா போடுறது இன்னும் கொஞ்சம்..." பாதியில் நிறுத்திவிட்டார்.

அப்போது வாசல் மணி அடித்தது. அப்பா தலையைத் தூக்கினார். முழுசாக, கழுத்து நிமிர, கதவைப் பார்த்து.

"அப்பா!"

சட்டென்று குனிந்துகொண்டார். வந்தது கூரியர்காரன். மேல் வீட்டுக்குப் போக வேண்டியவன், மாடி மாறி வந்துவிட்டான்.


மார்ச் 4

யாரஸ்லாவ்லில் பரிசோதனை. விழித்திரை மறுபடி ஒட்டு விட்டிருக்கிறது. இன்னொரு ஆபரேஷன்.

டாக்டரம்மா கேட்டார்: "தலையைத் தூக்கினீங்களா?"

"ஒரே ஒரு தடவ" என்றார் அப்பா. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

நான் டாக்டரம்மாவைத் தனியாகப் பிடித்து, "அதனாலயா?" என்று கேட்டேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது, முதல் தடவையிலேயே ஒட்டாமல் போகிறவர்களும் உண்டு என்றார். "யாராவது கூப்பிட்டீங்களா, என்ன ஆச்சு?"

வாசல் மணி அடித்தது என்று சொன்னேன். அன்று சனிக்கிழமை என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு என்ன புரியும்?


மார்ச் 8

ஆபரேஷன் முடிந்து நேற்று வந்துவிட்டோம். மறுபடி தரை.

பெண்கள் தினம். அப்பா என்னை அனுப்பி எனக்கே மிமோசாப் பூ வாங்கச் சொன்னார். "ஒரு கொத்து" என்றார். வருடாவருடம் இரண்டு கொத்து வாங்குவார், ஒன்றைத் தபாலில் வருகிற வாழ்த்து மாதிரி எனக்குப் படம் எடுத்து அனுப்புவார். இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்டதே இல்லை.

ஒரு கொத்து வாங்கிவந்தேன். ஜாடியைத் தரையில் வைத்தேன், அவருக்குத் தெரிகிற இடத்தில். மஞ்சள் பொடி லினோலியத்தில் உதிர்ந்தது.

"சனிக்கிழமையில வந்திருக்கு இந்த வருஷம்" என்றார்.


மார்ச் 12

எழுதவே கை வரவில்லை. எழுதுகிறேன்.

மூன்றாம் பாகம். லுகோமின் உயிரோடு திரும்பி வருகிறான். கிளஃபீராவின் அப்பன் செத்து மூன்று மாதம் ஆகிறது. ஊர் வந்து இறங்கியதும், ராணுவ கோட்டைக்கூடக் கழற்றாமல், நேரே அவள் வீட்டுக்குப் போய் அதே படியில் நின்று மறுபடி கேட்கிறான்!

அப்பா கொதித்துவிட்டார். "இவனுக்கு வெக்கமே இல்லையா? வாயத் திறக்காதவகிட்ட போய் ரெண்டாந்தடவ நிக்கிறான்! நான் இவனை என்னமோ நெனச்சேனே!"

"முட்டாள்பா, விடு."

"முட்டாள் இல்ல. இத்தனை பக்கம் பாத்திருக்கோம், அவன் முட்டாள் இல்ல. ஏதோ இடிக்குது. அவனுக்கு எங்கிருந்து தைரியம் வந்துச்சு?"

எனக்கும் இடித்தது. அவருக்கு டீ போடுகிற சாக்கில் இரண்டாம் பாகத்தைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். வாசல் படி, குதிரைகள், கையுறை. நட்சத்திரம். கீழே இறங்கினேன். எறும்பெழுத்தில் இருந்தது:

கேட்டதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாதீர்கள். என் தந்தை அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறார், இந்த வீட்டில் இப்போது என்னால் வாய் திறக்க முடியாது. மறுபடி வந்து கேளுங்கள். எத்தனை நாள் ஆனாலும் வந்து கேளுங்கள்.

பதில் சொல்லியிருக்கிறாள். அப்பனுக்குப் புரியாத மொழியில், அவன் காது கேட்கும் தூரத்திலேயே சொல்லியிருக்கிறாள். நான் அந்த வாயைப் பொத்திவிட்டேன்.

அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

குழாயை மூடிவிட்டுக் கேட்டவள் யார்?


மார்ச் 13

படிக்கவில்லை. தொண்டை வலி என்று சொன்னேன். தேன் போட்டுப் பால் குடி என்கிறார். முகம் தரையில் இருக்க, கையை நீட்டி என் கணுக்காலைத் தட்டிக்கொடுக்கிறார்.


மார்ச் 15, சனி

இன்னும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? சொன்னால் ரிம்மா வருவார். வந்தால் நான் எங்கே? படிப்பு போயிற்று, வேலை இல்லை, இருப்பது இந்த ஒன்றரை அறையும் அப்பாவும். அதையும் ஒரு கண்டக்டரம்மாவுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போக வேண்டுமா?

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சொல்லாமல் இருந்தால் என்ன கிடைக்கும்? ஒரு மனுஷன் குப்புறப் படுத்துக்கொண்டு வாசல் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கதை படித்துக்கொண்டிருப்பேன். தாவித் தாவி.

சீ.


மார்ச் 18

போனேன். டெப்போ வாசல் ஸ்டாப்பில் நின்று இரண்டு வண்டியை விட்டு மூன்றாவதில் ஏறினேன். ரிம்மா மார்பில் டிக்கெட் பையோடு, விரல் வெட்டிய கையுறையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"டிக்கெட் எடு மொதல்ல."

எடுத்தேன்.

"ரிம்மா சவேல்யெவ்னா, அப்பா உங்கள வர வேணாம்னு சொல்லல."

"அப்ப ஃபோன்ல யாரு? கவர்னரா?"

"நான்தான். சிரமப்பட வேணாம்னு அவர் சொன்னார். நான் அதை... வேற மாதிரி சொல்லிட்டேன்."

"குரல் உன்னோடதுன்னு தெரியும். வார்த்தையும் உன்னோடதுதானா? சரி." எழுந்து போய் ஒரு தாத்தாவின் பென்ஷன் அட்டையைப் பார்த்தார், ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லித் திட்டினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். "அவருக்குக் கண்ணு எப்படி?"

"மறுபடி ஆபரேஷன் ஆச்சு."

"தெரியும். டெப்போல எல்லாருக்கும் தெரியும். என்கிட்டதான் யாரும் நேரா சொல்லல."

நான் தரையைப் பார்த்தேன். வீட்டுப் பழக்கம் தொற்றிக்கொண்டுவிட்டது.

"அவர் கேட்டப்ப நீங்க ஏன் பதிலே சொல்லல?" என்று கேட்டேன். மென்மையாகக் கேட்க நினைத்தேன், டிக்கெட் பரிசோதகர் மாதிரி வந்தது.

ரிம்மா சிரித்தார். சிரிப்பில் சந்தோஷம் இல்லை.

"ஏன்னு உனக்குத் தெரியாதா பொண்ணே? குழாயை மூடிட்டு நின்னியே. தண்ணிச் சத்தம் நின்னுபோனது எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? சரின்னு சொன்னா உன் படுக்கை போச்சு. இல்லன்னு சொன்னா அந்த மனுஷன் போச்சு. ரெண்டுல எதைச் சொல்றது? உருளைக்கிழங்கு உரிச்சேன். அடுத்த சனிக்கிழமைன்னு சொன்னேன். வேற எப்படிச் சொல்லுவாங்க? படிப்ப விட்டுட்டு வந்து கெடக்கிற புள்ளையத் தொரத்திட்டு வந்து உக்காந்தாளேன்னு நாளைக்கு ஊரு சொல்லணுமா?"

வண்டி பாலத்தில் ஏறியது. கீழே வோல்காவில் ஐஸ் கறுத்துப்போய்க் கிடந்தது.

"ஒரு புத்தகம் இருக்கு" என்று ஆரம்பித்தேன். "அதுல கிளஃபீரான்னு ஒருத்தி, அவளும் உங்கள மாதிரியேதான், ஆனா பிரெஞ்சுல..."

"எனக்குக் கதையெல்லாம் வேணாம். எனக்குக் கதை சொல்லி என்ன ஆகப்போவுது? யார்கிட்ட சொல்லணுமோ அவர்கிட்டப் போய்ச் சொல்லு. எறங்கு, உன் ஸ்டாப் தாண்டிப் போச்சு."

பாலத்திலிருந்து நடந்தே வந்தேன்.


மார்ச் 19

இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தேன்.

"மூணாவதுல்ல இருந்தோம்?" என்றார் அப்பா.

"ஒரு எடத்தை மறுபடி படிக்கணும்."

படித்தேன். படி, குதிரைகள், கையுறை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். நட்சத்திரம் வந்தது, கீழே இறங்கினேன், எறும்பெழுத்தை ஒரு சொல்விடாமல் படித்தேன். மேலே ஏறினேன். லுகோமின் தலைதாழ்த்தி வணங்கிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அப்பா அசையவில்லை. அவருடைய பின்னந்தலை மட்டும்தான் எனக்குத் தெரியும். முடி நிறைய நரைத்திருக்கிறது. இத்தனை நாள் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தும் அதைக்கூடப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு அது இருந்துச்சா?"

"இருந்துச்சு. பிரெஞ்சு வந்தா தாண்டிடுவேன். கீழ பொடியா இருக்கும், சோம்பேறித்தனம்."

"சரியாப் பாருன்னு சொன்னேனே உல்யா."

கத்தியிருக்கலாம். கோபத்தில் கூப்பிடுகிற மாதிரி உல்கா என்று திட்டியிருக்கலாம். அமைதியாக, யாரோ மூன்றாம் மனிதரிடம் விசாரிக்கிற மாதிரி சொன்னார். அதுதான் தாங்கவில்லை. அழுதுகொண்டே மீதியையும் சொன்னேன்: ஃபோனில் நான் என்ன சொன்னேன், குழாய், ரிம்மா டிராலிபஸ்ஸில் சொன்னது. மூக்கு ஒழுகியது, வாக்கியம் எதுவும் முடியவில்லை. வாசல் மணியைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதை அவரும் கேட்கவில்லை.

லினோலியத்தில் ஒரு சொட்டு விழுந்தது. சற்று முன்தான் கண்ணுக்கு மருந்து விட்டிருந்தேன். மருந்தாகத்தான் இருக்க வேண்டும்.

"எத்தனை எடத்துல தாண்டியிருக்க?"

"எல்லா எடத்துலயும்."

"அந்த வண்டிக்காரன்? சூப்பு?"

"அது நானே போட்டது."

முதுகு குலுங்கியது. சிரித்தாரா என்று தெரியவில்லை. "ஃபோனை எடுத்துக் காதுல வை" என்றார்.

ரிம்மாவின் எண்ணை அழுத்தி, அவர் காதுக்கும் தலையணைக்கும் நடுவில் செருகிவிட்டு, சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டேன். தண்ணீர் வெந்நீராகி, ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து, அதற்கப்புறமும் மூடவில்லை.


மார்ச் 22, சனி

மணி அடித்தது. அப்பா தலையைத் தூக்கவில்லை. இரண்டு கையாலும் சோபாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

சாம்பல் செருப்பை எடுத்து ரிம்மாவின் முன்னால் வைத்தேன். மாவுப் பொட்டலத்தை அணைத்தபடி குனிந்து அவரே மாட்டிக்கொண்டார். "தள்ளு, மாவு கொட்டிடும்" என்றார் என்னிடம்.

நான் ஐஸ் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே கிளம்பிவிட்டேன். நதியில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சும்மா நின்றேன், கால் மரத்துப்போகும் வரை.


ஏப்ரல் 6

ஆன்லைன் பார்சல் கொடுக்கிற கடையில் வேலை கிடைத்துவிட்டது. பெட்டியை எடு, ஸ்கேன் பண்ணு, "உங்க பாஸ்போர்ட்", "சைஸ் சரியில்லைன்னா திருப்பிக் குடுங்க". கூட வேலை செய்கிற லாரிஸ்காவின் வீட்டில் ஒரு அறை காலி. போகிறேன்.

யாரும் போகச் சொல்லவில்லை. ரிம்மா சத்தம் போட்டார்: "எனக்காகப் போறியா? அப்படின்னா நான் வரவே மாட்டேன்." கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதனால்தான் என்றேன். பாதி பொய். மீதிப் பாதி என்ன என்று எனக்கே தெரியவில்லை.

அப்பாவுக்குக் குமிழி கரைந்துவிட்டது. எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, கையை ஆட்டினால் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இனி வண்டி ஓட்ட முடியாது. டெப்போவில் காவல் அறையில் உட்கார வைக்கிறார்களாம்.

"ரெண்டு ஆபரேஷன் பண்ணாலே இப்படித்தான்மா" என்று தானாகவே சொன்னார். நான் ஒன்றுமே கேட்கவில்லை. எப்போதிலிருந்து என்னை 'மா' போட்டுக் கூப்பிடுகிறார்?


ஏப்ரல் 19

அப்பாவிடமிருந்து ஃபோன்: "மொதல் பாகத்துலேர்ந்து ஆரம்பிச்சிருக்கோம். அந்த விருந்துல அந்தக் கிழவி பிரெஞ்சுல என்ன சொல்றான்னு தெரியுமா உனக்கு? யாரையோ பன்னின்னு திட்டுறா! அத்தனை பேருக்கு முன்னாடி! இதையெல்லாமாடி தாண்டின?"


மே 10, சனி

போனேன். சாவி என்னிடம் இருக்கிறது, ஆனாலும் மணி அடித்தேன். கதவு திறந்தேதான் இருந்தது.

வாசலில் என் செருப்பு இருந்த இடத்தில் சிவப்பாக, ரோமம் வைத்து, புதுசாக ஒரு ஜோடி, ரிம்மாவுடையது. என்னுடையதை லாரிஸ்காவின் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டேன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மிச்சம் இருந்தது சாம்பல். குதிகால் நசுங்கினது. மாட்டிக்கொண்டேன்.

உள்ளே ரிம்மா முக்காலியில், மூக்கின் நுனியில் கண்ணாடி, மடியில் இரண்டாம் பாகம். அப்பா சோபாவில் குப்புறப் படுத்திருக்கிறார். படுக்கத் தேவையில்லை, எழுந்துகொண்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. கவிழ்ந்து படுத்தால்தான் கதை காதில் ஏறுகிறதாம். ரிம்மா ஒரே குரலில், ஸ்டாப் பெயர் சொல்கிற மாதிரி படித்துக்கொண்டிருந்தார்: "கிளஃபீரா கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். அதுக்கப்புறம் பிரெஞ்சு. இரு, எங்க போச்சு இந்த நட்சத்திரம்..."

அப்பா தரையைப் பார்த்தபடியே, "யாரோ வந்திருக்காங்க ரிம்மா" என்றார். "விருந்தாளி."

"நான்தான்பா."

"செருப்பைப் பாத்துட்டு யாரோன்னு நெனச்சுட்டேன், உல்யா."

செருப்பைக் கழற்றிச் சுவர் ஓரமாகத் தள்ளிவிட்டேன். வெறும் காலுறையோடு போய் அவர் பார்க்கிற இடத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் காலுறையில் பெருவிரல் பக்கம் ஓட்டை இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும்.

ரிம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு இந்தப் பொடியெழுத்து ஒத்துக்கல. நீ படி."

புத்தகம் சூடாக இருந்தது, மடியில் இருந்த சூடு. இடத்தைக் கண்டுபிடித்தேன். கையுறை. நிமிர்ந்து பார்த்தாள். நட்சத்திரம்.

இறங்கினேன்.